உன் கேமும் பெர்க்லியும்

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் கேம் வேலையைப் பற்றி நீ சொன்னதுக்குத்தான் இந்தக் கடிதம். "கேமரா பார்க்கிற பக்கத்தை மட்டும்தான் வரைவோம், முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. நீ சொல்ற பெர்க்லியும் அதைத்தானேம்மா சொன்னார்" என்றாய். அப்பாகூடச் சிரித்தார். ஆனால் அந்த ஐரிஷ் தத்துவவாதி பெர்க்லி சொன்னது அது இல்லை. கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிர். போனில் விளக்கப் போனால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அவர் யாரோடு மல்லுக்கு நின்றார் என்று பார். அவருக்கு முந்தைய தலைமுறைக்காரர், ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக். நிறமும் சுவையும் வாசனையும் பொருளில் அப்படியே இல்லை, நம் மனதில் எழுகிறவை. வடிவமும் அசைவும்தான் பொருளுக்கே சொந்தம் என்பது லாக்கின் கட்சி. இந்தக் குணங்களையெல்லாம் அடியில் இருந்து ஏதோ ஒன்று தாங்குகிறது, அது என்னவென்று நமக்குத் தெரியாது என்றும் எழுதினார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருந்த பெர்க்லி 1710இல் புத்தகம் போட்டபோது வயது 25. தெரியாத ஒன்றை எதற்குக் கட்டி அழ வேண்டும் என்று கேட்டார். நிறமே இல்லாத ஒரு வடிவத்தை மனதில் கொண்டுவந்து பார், வருகிறதா? வராது. அப்படியென்றால் நிறம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வடிவமும் இருக்க வேண்டும். லாக் பிரித்து வைத்த கோடு அங்கேயே அழிந்துபோகிறது.

1713இல் எழுதிய உரையாடல் நூலில் ஒரு செர்ரிப் பழம் வரும். அதன் மென்மை, ஈரம், சிவப்பு, புளிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? பழமே போய்விடும். அவர் பழம் இல்லை என்று சொல்லவில்லை, கவனி. நீ பார்த்து, தொட்டு, தின்கிறதுதான் பழம், அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு 'உண்மைப் பழம்' கிடையாது என்கிறார். தத்துவக்காரர்கள் ஜடப்பொருள் என்று சொல்கிற ஒன்றை மட்டும்தான் மறுக்கிறேன், அது போனதை மற்ற ஜனங்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள் என்று கிண்டலாகவே எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் 1763இல் ஒரு பெரிய கல்லை ஓங்கி உதைத்து "இதோ மறுத்துவிட்டேன்" என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். கால் வலித்ததும் கல் கெட்டியாக இருந்ததும் பெர்க்லியின் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்தவை. ஜான்சன் உதைத்தது பெர்க்லியை இல்லை.

இப்போது உன் கேமுக்கு வா. திரையில் தெரிகிற மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? புரோகிராம், மெமரி, சர்வர். விளையாடுகிறவன் கண்ணில் படாத ஒரு இயந்திரம்தான் நிஜம், மரம் வெறும் தோற்றம். 'உலகமே ஒரு சிமுலேஷன்' என்று பேசுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இது லாக் சொன்ன, அடியில் தாங்குகிற அந்த மர்மப் பொருளேதான், புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. பெர்க்லி வாழ்நாள் முழுக்க எதிர்த்தது அதை.

யாரும் பார்க்காதபோது மரம் என்ன ஆகும் என்று கேட்பாய். கடவுளின் மனதில் இருக்கிறது என்பார். சர்வரே அந்தக் கடவுள் என்று நீ மடக்கலாம். ஆனால் மனமும் விருப்பமும் இல்லாத எதுவும் எதையும் உண்டாக்க முடியாது என்பது அவர் விதி, அதனால் சர்வர் தேறாது. எனக்கு இந்த இடத்தில்தான் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. பார்க்க முடியாத ஜடப்பொருளைத் தூக்கி எறிந்தவர், பார்க்க முடியாத மனதை மட்டும் விட்டுவைத்தார். அடுத்து வந்த தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739இல் அதே கத்தியை எடுத்து மனதையும் அறுத்துவிட்டார்.

(பெரிய மகான் என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் இருந்த காலத்தில் அடிமைகளை விலைக்கு வாங்கியவர். அதனால்தான் டிரினிட்டி 2023இல் நூலகத்திலிருந்து அவர் பெயரை எடுத்தது. நீ காய்கறி வாங்கப் போகிற கலிபோர்னியா பெர்க்லி ஊர் மட்டும் அவர் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.)

உன் வேலைக்குப் பக்கத்தில் பெர்க்லி வேண்டுமென்றால், அந்த 1710 புத்தகத்துக்கு முந்தைய வருடம், 1709இல், பார்வையைப் பற்றி எழுதினாரே, அந்தப் புத்தகத்தைப் படி. தூரத்தை நாம் நேராகப் பார்ப்பதே இல்லை என்கிறார் அதில். கண்கள் உள்பக்கம் திரும்புகிற உணர்வு, கிட்டப் பார்க்கும்போது வருகிற சிரமம், மங்கல் இவற்றையெல்லாம் தொட்டும் நடந்தும் கற்ற தூரத்தோடு பழக்கத்தால் சேர்த்து வைத்திருக்கிறோம். மூளை கோணங்களை அளந்து தூரம் கணக்கிடுகிறது என்று சொன்ன ஜியோமெட்ரிக்காரர்களை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். அத்தனை வருடம் ஜியோமெட்ரி நடத்திய எனக்கே சிரிப்பு வந்தது. செசல்டன் என்ற லண்டன் அறுவை மருத்துவர், எதையும் பார்த்த ஞாபகமே இல்லாத சுமார் 13 வயதுப் பையனுக்குக் கண்புரை எடுத்ததை 1728இல் எழுதினார். பார்ப்பதெல்லாம் கண்ணை வந்து தொடுவதாகச் சொன்னான் அவன். பூனை எது, நாய் எது என்று தெரியாமல், பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, இனி உன்னைத் தெரிந்துகொள்வேன் என்று அதனிடமே சொன்னானாம். பெர்க்லி பின்னால் இதைத் தனக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

முழுக்கப் பழக்கம்தான் என்பது இன்று நிற்காது. இரண்டு கண்ணுக்கும் சற்று வேறு வேறு படம் காட்டினாலே ஆழம் தெரிகிறது என்று வீட்ஸ்டன் 1838இல் ஸ்டீரியோஸ்கோப் வைத்துக் காட்டினார். நீங்கள் கண்ணில் மாட்டுகிற விஆர் ஹெட்செட்டே அந்தக் கொள்கையில்தான் ஓடுகிறது. ஆனால் அதைப் போட்டுக்கொள்கிறவர்களுக்குத் தலை வலிக்கிறது என்றாயே, கண்கள் ஒரு தூரத்துக்குத் திரும்புகின்றன, கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வேறு தூரத்துக்குக் குவிகிறது என்று? பெர்க்லி பட்டியல் போட்ட அடையாளங்களில் இரண்டு ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் போனதுதானே அது!

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். முதல் தடவை போடுகிறவரும் ஒரு மாதம் போட்டுப் பழகினவரும் உள்ளே தூரத்தை ஒரே மாதிரி கணிக்கிறார்களா? உங்கள் ஆபீஸில் யாராவது அளந்திருப்பார்கள். கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா