எச்சரிக்கை எல்லோரையும் எட்ட உழைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

புயல், வெள்ளம், தீ விபத்து போன்ற வேளைகளில் விடுக்கப்படும் எச்சரிக்கைகள் மாற்றுத்திறனாளிகளையும் உரிய நேரத்தில் எட்டுவதற்கான மாதிரி அறிவிப்புகளைத் தயாரித்து முடித்திருக்கிறோம். ஊதியம் எதிர்பாராமல் இப்பணிக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் நன்றி சைகை மொழிபெயர்ப்பாளர்களுக்கும், அவர்களுடன் அமர்ந்து ஒவ்வொரு சைகையையும் சரிபார்த்த காதுகேளாத நண்பர்களுக்கும் உரியது. தொலைக்காட்சித் திரையின் மூலையில் மொழிபெயர்ப்பாளருக்குச் சிறு கட்டம் ஒதுக்கினால் போதும் என்ற பேச்சு எழுந்தபோது, பல சைகை மொழிகளில் நிபந்தனையை உணர்த்துவதில் புருவ உயர்வுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நீங்கள் செய்தே காட்டினீர்கள். ‘தண்ணீர் ஏறினால் வெளியேறுங்கள்’ என்பதும் ‘தண்ணீர் ஏறிவிட்டது, வெளியேறுங்கள்’ என்பதும் ஒன்றல்லவே! முகம் நகமளவே தெரிந்தாலோ, கீழே ஓடும் செய்திப் பட்டை கைகளை மறைத்தாலோ, மொழிபெயர்ப்பாளர் இருந்தும் பயனில்லை. கட்டம் பெரிதாக்கப்பட்டதும் பட்டை விலக்கப்பட்டதும் உங்களால்தான்.

வரைபடமாக வெளியிடப்படும் அறிவிப்பைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) ‘படம்’ என்ற ஒரே சொல்லோடு கடந்து போவதைப் பார்வையற்ற தோழர்கள் எங்களைக் கேட்கச் செய்தார்கள். ‘சிவப்பு நிறத்தில் காட்டப்பட்ட பகுதியினர்’ என்ற தொடரை நீக்கி, இடப்பெயர்களையும் தங்குமிட முகவரியையும் எழுத்தாகவே தரச் செய்தவர்கள் அவர்களே. அந்தத் தங்குமிடத்தில் சரிவுப்பாதை உண்டா என்பதையும் உடன் சேர்க்கச் சொன்னவர்கள் சக்கர நாற்காலி பயன்படுத்துவோர்.

‘தாழ்வான பகுதிகளில் வசிப்போர் இடம்பெயருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற வரி, அறிவுசார் குறைபாடுடைய வாசகர்களின் யோசனைப்படி, ‘வெள்ளம் வருகிறது. இப்போதே மேடான இடத்துக்குப் போங்கள். மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று மாறியது. எங்களில் எவருக்கும் பழைய வரியின்மேல் இப்போது பற்றில்லை.

2004-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட ‘காமன் அலர்ட்டிங் புரோட்டோகால்’ (எச்சரிக்கைச் செய்திகளுக்கான பொது வடிவம்) வழியாக ஒரே எச்சரிக்கையைத் தொலைக்காட்சி, செல்பேசி, சைரன் என எல்லாவற்றுக்கும் அனுப்பும் முறையைப் பொறுமையாக விளக்கிய பொறியாளர்களுக்கும் நன்றி. சைரனோடு ஒளியும் அதிர்வும் சேர வேண்டும் என்றதோடு நில்லாமல், வலிப்பு நோயுள்ளவர்களை எண்ணி அந்த ஒளி நொடிக்கு 3 முறைக்கு மேல் மின்னக் கூடாது என்றும் நீங்கள் எச்சரித்தீர்கள்.

ஐ.நா. பொதுச்சபை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, பேரிடர்க் காலப் பாதுகாப்பை அரசுகளின் கடமையாக்குகிறது. அதை எடுத்துக்காட்டி, இது இரக்கத்தால் செய்யும் ஏற்பாடன்று என அதிகாரிகளிடம் வாதாடிய சட்ட நண்பர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

செய்தியைப் பெறும் வழி ஓரளவு சீராகியிருக்கிறது. உதவி கோரும் வழி இன்னும் குரல் அழைப்பையே பெரிதும் நம்பியிருக்கிறது. பேச இயலாதவர்கள் குறுஞ்செய்தியிலும் நிகழ்நேர எழுத்துரையாடலிலும் உதவி கேட்பதற்கான பணியை அடுத்துத் தொடங்குகிறோம். அதற்கும் உங்களையே நாடி வருவோம்.

இப்படிக்கு,
ஒருங்கிணைப்புக் குழுவினர்