என் வகுப்பறையை எனக்குக் கேட்கச் செய்தவர்களுக்கு

பாம்பன் தீவிலும் மண்டபம் கரையிலும் உள்ள என் அன்புக்குரிய சக ஆசிரியர்கள், மாணவ மாணவியர், பெற்றோர், ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

பணி நிறைவு விழாவில் ஏற்புரைக்குக் கிடைத்த சில நிமிடங்களில் உங்கள் பெயர்களை மட்டுமே சொல்ல முடிந்தது. யாருக்கு எதற்காக நன்றி என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று என்பதால் இம்மடலை எழுதுகிறேன். இரு காதுகளிலும் காதொலிக் கருவி அணிந்தபடியே தமிழாசிரியைப் பணியின் பிற்பகுதி முழுவதையும் நிறைவு செய்தேன். கருவியைப் பணம் கொடுத்து வாங்கிவிட்டேன். ஆனால் அதைக் கொண்டு கேட்பதற்கு, என்னோடு பேசும் ஒவ்வொருவரும் தம் பழக்கத்தில் ஏதேனும் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் முகம் சுளிக்காமல் மாற்றிக்கொண்டீர்கள்.

முதல் நன்றி, மதுரையில் எனக்குச் செவித்திறன் சோதனை செய்த ஆடியாலஜிஸ்ட் அம்மையாருக்கு. அவரிடம் செல்வதற்கு முன் ஒரு கடையில், எந்தச் சோதனையும் செய்யாமல் ஒரு கருவியைக் காதில் மாட்டி, “இப்போது கேட்கிறதா?” என்று உரக்கக் கேட்டு விற்க முயன்றார்கள். அம்மையாரோ என்னை ஒலிபுகா அறையில் அமர்த்தி, 250 ஹெர்ட்ஸ் முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எனக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலி எது என்று அளந்து வரைபடமாகக் கொடுத்தார். தாழ்ந்த சுருதிகளில் என் காது ஓரளவு நன்றாகவே இருப்பதையும், 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு சரிந்து இறங்குவதையும் விரலால் தொட்டுக் காட்டினார். மாணவர் சொல்லும் ‘கட்டு’, ‘தட்டு’, ‘பட்டு’ ஆகிய மூன்றும் எனக்கு ஒன்றாகவே ஒலித்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் வலுவாக வருகின்றன. சொல்லின் முதலில் வரும் க, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் உயர்ந்த சுருதியில், மிக மெலிதாக வருகின்றன. கத்திப் பேசினால் உயிரொலி மேலும் பெரிதாகுமேயன்றி விடுபட்ட மெய்யொலி வந்து சேராது.

கருவியைக் கணினியில் பொருத்தி அமைத்ததோடு அவர் நிறுத்திவிடவில்லை. செவிப்பறைக்கு அருகே மிக மெல்லிய குழாயைச் செலுத்தி, என் காதுக்குள் உண்மையில் வந்து சேரும் ஒலியை அளந்து, அதற்கேற்பத் திருத்தினார். காதுத் துளையின் அளவும் வடிவும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், இந்த அளவீடு இல்லாத அமைப்பு பாதி ஊகம்தான் என்பது அவருடைய உறுதியான கருத்து. பட்டறிந்தவள் என்ற முறையில் நானும் அதையே சொல்வேன். முதல் சில வாரங்கள் தாள் புரளும் ஓசையும் குக்கர் விசிலும் என் சொந்தக் குரலும்கூட என்னை வாட்டியெடுத்தன. “கழற்றி வைத்துவிடாதீர்கள், மறந்துபோன ஒலிகளை மூளை மீண்டும் பழக வேண்டும்” என்று அவர் சொல்லி, எங்கே கேட்கவில்லை, யார் பேசினார், எவ்வளவு தொலைவிலிருந்து, பின்னணியில் என்ன ஓசை என்று ஒரு நோட்டில் எழுதி வரச் செய்தார். அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலான வரிகளில் கடைசி பெஞ்சும் மின்விசிறியும் காற்றுமே இருந்தன.

அவர் தந்த விளக்கத்தை, கருவி அணிந்தும் கேட்கவில்லை என்று மனம் சோர்ந்திருப்போருக்காக இங்கே எழுதுகிறேன். பேசுபவரிடமிருந்து நாம் இரு மடங்கு தொலைவுக்கு விலகினால், தடையற்ற வெளியில் அவருடைய குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைந்து வந்து சேரும். ஒரு மீட்டருக்கும் எட்டு மீட்டருக்கும் இடையே அந்தக் குறைவு 18 டெசிபெல் ஆகிவிடுகிறது. அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி இதைச் சற்று ஈடுசெய்தாலும், சொற்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் குழப்பிவிடுகிறது. தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியின் ஓசையோ எள்ளளவும் குறைவதில்லை. காதோரம் இருக்கும் கருவி தனக்கு எட்டும் குரலைத்தான் பெரிதாக்க முடியும். கடைசி பெஞ்சின் குரல் அதனிடம் வந்து சேரும்போதே இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. எனவே மைக்கைப் பேசுபவரின் வாய்க்கு அருகே கொண்டுபோய் வைப்பது ஒன்றே வழி என்று கூறி, 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலை வழியே என் கருவிக்குள் நேரடியாகக் குரலை அனுப்பும் சிறிய ஒயர்லெஸ் மைக் ஒன்றை அவர் இணைத்துத் தந்தார்.

என் மாணவ மாணவியருக்கு நான் பட்ட கடன் இங்கேதான் தொடங்குகிறது. அந்த மைக் என் கையில் இருந்தால் எனக்குப் பயனில்லை. அது உங்கள் கைகளில்தான் இருக்க வேண்டும். பந்தியில் தண்ணீர்ச் செம்பு கை மாறுவதுபோல அதை பெஞ்சு விட்டு பெஞ்சு கடத்தினீர்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடிக்க வேண்டும், மைக்கின் துளையை விரலால் மூடக் கூடாது, சட்டைப் பொத்தானில் உரசவிடக் கூடாது என்பவற்றை ஒரு முறை சொன்னதும் பிடித்துக்கொண்டீர்கள். ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர் பேச வேண்டும் என்ற ஒழுங்கை நீங்களே ஏற்படுத்திக்கொண்டீர்கள். அதனால் எனக்கு மட்டுமன்றி வகுப்பில் எல்லோருக்குமே பாடம் தெளிவாயிற்று என்று மற்ற ஆசிரியர்கள் சொல்லக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். குழுவாக அமர்ந்து விவாதிக்கும் நாள்களில் மைக்கை மேசை நடுவே படுக்க வைப்பதற்கும், பக்கத்தில் பாத்திரமோ நோட்டுக் கட்டோ இல்லாமல் பார்த்துக்கொள்வதற்கும், ஸ்மார்ட் போர்டில் காணொளி ஓடும்போது அதன் ஒலியைக் கம்பி வழியே மைக்கில் செருகுவதற்கும் எவரும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருந்ததில்லை. மாலையில் அதை ஆசிரியர் அறையில் சார்ஜில் போடும் பொறுப்பை வகுப்புத் தலைவர்கள் ஆண்டுதோறும் அடுத்தவரிடம் ஒப்படைத்தார்கள். நாட்டுப்படகு மீனவர் ஒருவரின் மகள், மிகவும் தாழ்ந்த குரல் உடையவள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு செய்யுளை முழுவதுமாக ஒப்பித்தபோது ஓர் அசையும் விடாமல் எனக்குக் கேட்டது. அவளை ‘உரக்கச் சொல்’ என்று வருத்த வேண்டிய தேவை அன்றோடு தீர்ந்தது.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடலைப் பார்த்த அறைகளில் கதவும் சன்னலும் படபடக்கும் என்பதை உணர்ந்து, என் வகுப்பைக் காற்று மறைவான அறைக்கு மாற்றினீர்கள். கடகடத்த மின்விசிறிகளைப் பழுது பார்த்தும், வெற்றுச் சுவரில் துணித் திரைகளும் மாணவர்களின் துணி ஓவியங்களும் தொங்கவிட்டும் எதிரொலியைக் குறைத்தீர்கள். பெரிய செலவு இல்லாத இந்த வேலைகள், கருவியில் எந்தத் திருத்தத்தாலும் கிடைக்காத பலனைத் தந்தன.

மண்டபத்திலிருந்து என்னுடன் பேருந்தில் வந்த ஆசிரியைகளுக்கும் ஒரு சொல். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம், காற்று கருவியின் மைக்கில் மோதி எழுப்பும் இரைச்சலில் எந்தப் பேச்சும் எனக்குப் புரியாது. நீங்கள் அதை அறிந்து பேச்சை நிறுத்திவிட்டு, அவசரம் என்றால் செல்போனில் தட்டிக் காட்டினீர்கள். பாலம் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தீர்கள். ‘ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்று ஒருபோதும் சொன்னதில்லை.

உப்புக் காற்றும் வியர்வையும் இக்கருவிகளுக்குப் பெரும் பகை. இரவில் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கருவியை மட்டும் சிலிக்கா ஜெல் மணிகள் இட்ட மூடிய டப்பாவில் வைக்க வேண்டும் என்றும், மணிகள் நிறம் மாறியதும் புதியவை இட வேண்டும் என்றும் பழக்கியவர் ராமநாதபுரத்து மருந்துக் கடைக்காரர். ஆரஞ்சு நிற ஒட்டுடைய 13-ஆம் எண் பேட்டரியைக் காலாவதித் தேதி பார்த்து எடுத்து வைப்பார். அது காற்றிலுள்ள ஆக்சிஜனால் இயங்குவது. ஒட்டைப் பிரித்துச் சில நிமிடங்கள் காற்றுப்பட வைத்த பின் பொருத்தினால்தான் முழு வலுவுடன் உழைக்கும். பிரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். குழந்தை அதை விழுங்கினாலோ மூக்கில் போட்டுக்கொண்டாலோ ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வாங்குவோர் ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வதை நான் கண்டிருக்கிறேன்.

என் கணவர் விசைப்படகு டிரைவர். காலையில் காதுக் குறும்பி உலர்ந்திருக்கும்போதே கருவியைக் காதில் பொருத்தும் அச்சின் துளையைச் சிறு தூரிகையால் துடைத்து, கருவியின் ஒலியைக் கேட்டுப் பார்ப்பதற்கான குழாயைத் தம் காதில் வைத்து ஒலி சரியாக வருகிறதா என்று கேட்டுப் பார்த்துத்தான் கருவியை என்னிடம் தருவார். அடுக்களைக்குள் முதுகு காட்டிப் பேசும் பழக்கத்தை எங்கள் வீட்டில் ஒழித்தவரும் அவரே. 85 டெசிபெல் இரைச்சலில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருப்பதே காதுக்கு ஆபத்தின் எல்லை என்று அறிந்த பின், எஞ்சின் பக்கம் போகும்போது காதடைப்பான் அணியத் தொடங்கினார். அவரைப் பார்த்து உடன் தொழில் செய்யும் சிலரும் அணிகிறார்கள். கோயில் திருவிழாவில் தம் மிக்சரிலிருந்து ஒரு கம்பியை என் மைக்கில் செருகி, மறையுரையை முழுவதுமாகக் கேட்கச் செய்த மைக்செட் தம்பிக்கும் நன்றி.

கவனமில்லாதவன் என்று பெயரெடுத்த நம் பள்ளி மாணவன் ஒருவனுக்கு, கேட்பதில்தான் குறை என்று ஐயுற்று, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அவனை அழைத்துச் சென்ற வட்டார வள மையச் சிறப்பாசிரியரையும், கருவி வழங்கிய மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தாரையும் நன்றியோடு நினைக்கிறேன். விழாவில் எனக்கு அணிவிக்க எண்ணிய மோதிரத்துக்குப் பதிலாக, நான் கேட்டுக்கொண்டபடி, அவனுக்கு ஒரு மைக்கும் கழுத்தில் மாட்டும் ரிசீவரும் வாங்கித் தந்தீர்களே, அதற்கு ஈடான பரிசு வேறில்லை. அவனுடைய கருவியில் டெலிகாயில் (காந்தப்புலம் வழியே ஒலியைப் பெறும் சிறு கம்பிச்சுருள்) இருப்பதால் அந்த ரிசீவர் அதனோடு ஒத்துப் போகிறது. வகுப்பு தொடங்குமுன் கருவியை டெலிகாயில் இயங்கும் ‘டி’ நிலையில் வைத்திருக்கிறானா என்று பாருங்கள். மைக்கை வாய்க்கு ஒரு சாண் கீழே அணியுங்கள். வேறொருவரிடம் தனியே பேசும்போதும் அறையை விட்டு வெளியேறும்போதும் மைக்கை அணைத்துவிடுங்கள். அவன் வளரும் பிள்ளை. அச்சு தளர்ந்து கீச்சென்ற ஒலி எழுந்தால் புதிய அச்சு எடுக்க அவன் தாயாரிடம் சொல்லி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பழைய தமிழாசிரியை,
பாம்பன்.