இளம் தடுப்பாட்ட வரிசையைக் கலைத்துவிடாதீர்கள்: இந்தியக் கால்பந்து நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கும், தொழில்நுட்பக் குழுவினருக்கும், தேசிய அணியின் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

2025 அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூருக்கு எதிராக நம் அணி ஆடியதைக் கடைசி நிமிடம் வரை பார்த்தவர்களில் நானும் ஒருவன். 14ஆவது நிமிடத்தில் சாங்டே அடித்த கோலால் முன்னிலை பெற்றோம். இடைவேளைக்குச் சற்று முன்பு ஒன்றும், இடைவேளைக்குப் பிறகு ஒன்றுமாக இரண்டு கோல்களை சோங் உய்-யோங் என்ற ஒரே வீரரிடம் வாங்கி 1-2 என்று தோற்றோம். 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பும் அத்துடன் போனது. ஐந்து நாள் முன்பு சிங்கப்பூரில் நடந்த ஆட்டத்தில் மூத்த தடுப்பாட்டக்காரர் சந்தேஷ் ஜிங்கன் சிவப்பு அட்டை பெற்றிருந்ததால், பின்களத்தை, அதாவது தடுப்பாட்ட வரிசையை, பேசிப் பேசியே ஒழுங்குபடுத்தும் அந்தக் குரல் அன்று ஆடுகளத்தில் இல்லை. அடுத்த மாதம் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றோம். 2003க்குப் பிறகு அவர்கள் நம்மை வென்றது அதுவே முதல் முறை.

இனிப் பின்களத்தைப் புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும். ஜிங்கன் 1993இல் பிறந்தவர், கோல்கீப்பர் குர்பிரீத் 1992இல், பின்கள வீரர் ராகுல் பெக்கே 1990இல். அடுத்த தகுதிச் சுற்றுகளை இவர்களை நம்பித் திட்டமிட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால், அனுபவமில்லாத, ஒருவரோடொருவர் ஆடிப் பழகாத இளைஞர்களைப் பின்களத்தில் நிறுத்திவிட்டு வெல்ல முடியுமா என்ற தயக்கம் உங்கள் தேர்வுகளில் தெரிகிறது. அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இந்த மடலை எழுதுகிறேன். வெல்ல முடியும் என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் பின்களத்தில் நிற்கும் அதே நால்வரை இரண்டு மூன்று ஆண்டுகள் கலைக்காமல் வைத்திருக்கும் பொறுமை நிர்வாகத்துக்கு இருந்தால் மட்டுமே அது நடக்கும்.

இதற்கு ஜெர்மனியின் பொருசியா டார்ட்மண்ட் அணியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2007-08 பருவத்தில் அந்த அணி 34 ஆட்டங்களில் 62 கோல்களை வாங்கி 13ஆவது இடத்தில் முடிந்தது. 2008 கோடையில் பயிற்சியாளராக வந்த யூர்கன் கிளாப், மையப் பின்களத்தை மாட்ஸ் ஹம்மெல்ஸ், நெவன் சுபோடிச் என்ற இருவரிடம் ஒப்படைத்தார். இருவரும் 1988 டிசம்பரில் பிறந்தவர்கள். அப்போது இருவருக்கும் 19 வயது. முதல் பருவத்தில் வாங்கிய கோல்கள் 37ஆகக் குறைந்தன. இரண்டாம் பருவத்தில் அது 42ஆக ஏறியது. இந்த இடத்தில்தான் நம் ஊராக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். "பையன்கள் தேறவில்லை, அனுபவம் உள்ள ஒருவரைக் கொண்டு வாருங்கள்" என்று எல்லாத் திசையிலிருந்தும் குரல் எழுந்திருக்கும். இருவரில் ஒருவர் மாற்று ஆட்டக்காரர் வரிசைக்குப் போயிருப்பார். டார்ட்மண்ட் அவர்களைப் பிரிக்கவில்லை. 2010-11 பருவத்தில், 22 வயதை எட்டிய அதே இருவரை நடுவில் வைத்து, 34 ஆட்டங்களில் 22 கோல்கள் மட்டுமே வாங்கி, 75 புள்ளிகளுடன் பட்டம் வென்றார்கள். அடுத்த ஆண்டும் 25 கோல்களோடு பட்டத்தைத் தக்கவைத்தார்கள்.

அந்த 42 என்ற எண்ணைத் தாண்டி விரைந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இளம் பின்களம் ஆண்டுக்கு ஆண்டு நேர்கோட்டில் முன்னேறுவதில்லை. முதல் ஆண்டில் பயத்தோடு ஆடுவதால் கவனமாக இருப்பார்கள்; இரண்டாம் ஆண்டில் துணிச்சல் வந்து, வரிசையை மேலே ஏற்றி ஆடிப் பார்த்து, அடிபடுவார்கள். அந்த அடியை வாங்கிய பிறகும் சேர்ந்தே ஆடினால்தான் மூன்றாம் ஆண்டு கைகூடும்.

சேர்ந்து ஆடுவது என்றால் என்ன என்பதை நான் கற்றது வடசென்னையில். சில ஆண்டுகளுக்கு முன்பு வியாசர்பாடியில் ஒரு மைதானத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில், பதினாறு வயதுப் பையன்கள் இருவரின் இடுப்பை ஏறக்குறைய நான்கு மீட்டர் நீல நைலான் கயிற்றால் கட்டிவிட்டு ஆட வைத்துக்கொண்டிருந்தார் அங்கிருந்த பயிற்சியாளர். இடப்பக்கப் பையன் பந்தை நோக்கிப் பாய்ந்தபோதெல்லாம் கயிறு விறைத்து, வலப்பக்கப் பையனை இழுத்துத் தடுமாற வைத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து நான் மறுபடி போனபோது, அந்தக் கயிறு எப்போதும் ஒரே அளவு தொய்வோடு புல்லை உரசிக்கொண்டு நகர்ந்தது. சின்னவன் "ஏறு, ஏறு" என்று குரல் கொடுக்க, இருவரும் ஒரே நொடியில் முன்னே வந்தார்கள், எதிரணிப் பையன் ஆஃப்சைடில் நின்றான். பயிற்சியாளர் எதுவும் சொல்லாமல் போய்க் கயிற்றை அவிழ்த்தார். நானும் ஸ்டாப்பராக, அதாவது நடுப் பின்கள வீரராக, ஆடியவன் என்பதால் அந்தக் காட்சி இன்றும் மனத்தில் நிற்கிறது. ஒரு முன்கள வீரர் தன் திறமையால் மட்டும் ஓர் ஆட்டத்தை வென்று தரலாம். பின்கள வீரரோ பக்கத்தில் நிற்பவர் எப்போது பாய்வார், எப்போது பின்வாங்குவார் என்று தெரிந்த அளவுக்குத்தான் நல்லவராக இருக்க முடியும். பத்து நாள் தேசிய முகாமில் அது வந்துவிடாது.

நம் வரலாற்றிலும் இதற்கு வழிகாட்டல் இருக்கிறது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். தாய்லாந்துடனான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்ட ஜர்னைல் சிங், நாட்டின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர். அவரைப் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் முன்களத்துக்கு அனுப்பிவிட்டு, 21 வயதே ஆன அருண் கோஷை நம்பிப் பின்களத்தை ஒப்படைத்தார். இறுதி ஆட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். கோலடித்தவர்களில் ஒருவர் ஜர்னைல். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஒரே தொடருக்குள் மாற்றியமைக்கப்பட்ட பின்களம் தங்கம் வாங்கித் தந்தது. அந்த வீரர்கள் ரஹீமிடம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பயின்றவர்கள் என்பதால்தான் அவரால் அப்படித் துணிய முடிந்தது.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். 2019இல் 19 வயது மத்தைஸ் டி லிக்ட் தலைமையில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை வந்த நெதர்லாந்தின் அயாக்ஸ், இங்கிலாந்தின் டாட்டன்ஹாமுக்கு எதிரான இரண்டாம் ஆட்டத்தில் இடைவேளையின்போது 2-0 என்று முன்னிலையில் இருந்தது. 90 நிமிடத்துக்குப் பின் நடுவர் சேர்த்த நிறுத்த நேரத்தின் இறுதி நொடிகளில் டாட்டன்ஹாமின் லூகாஸ் மோரா அடித்த மூன்றாவது கோலில் இறுதி ஆட்ட வாய்ப்பை இழந்தது. ஆட்டத்தின் வேகத்தைக் குறைப்பதும், பந்தைக் கூட்டத்துக்குள் அடித்துவிட்டு மூச்சு வாங்குவதும் வயதோடு வரும் தந்திரங்கள். அதனால்தான் ஜிங்கனை இப்போதே ஒதுக்கிவிட வேண்டாம் என்கிறேன். டார்ட்மண்டின் இளைஞர்களுக்குப் பின்னால் 30 வயது கோல்கீப்பர் ரோமன் வைடன்ஃபெல்லர் நின்றார். இரண்டு இளைஞர்களுக்குப் பக்கத்தில் பேசத் தெரிந்த ஒரு மூத்தவர் இருந்தால் போதும். நான்கு பேரும் மூத்தவர்களாக இருக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. பின்களம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கோல் அடிக்காமல் வெல்ல முடியுமா? 2024 மார்ச்சில் ஆப்கானிஸ்தானுடன் 0-0, ஜூனில் கொல்கத்தாவில் சுனில் சேத்ரியின் விடைபெறும் ஆட்டத்தில் குவைத்துடன் 0-0, 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் வங்கதேசத்துடன் 0-0. மூன்றிலும் பின்களம் தன் வேலையைச் செய்தது. மூன்றும் நமக்குத் தோல்விக்குச் சமமாகவே முடிந்தன. இதை நான் மறுக்க மாட்டேன். ஆயினும் இன்றைய கால்பந்தில் தாக்குதல் தொடங்குவதே பின்களத்திலிருந்துதான். ஹம்மெல்ஸ் காலின் வெளிப்புறத்தால் அனுப்பிய நீண்ட பந்துகள் டார்ட்மண்டின் தாக்குதலுக்கு எவ்வளவு உதவின என்பதை அந்த ஆட்டங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நம்மிடமும் 2025 ஆகஸ்டில், காலித் ஜமீல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பிறகு ஆடிய முதல் ஆட்டத்தில், தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்றபோது கோலடித்த இருவருமே பின்கள வீரர்கள்: அன்வர் அலி, ஜிங்கன். முதல் கோல், அன்றுதான் அறிமுகமான முகமது உவைஸ் எறிந்த நீண்ட த்ரோவிலிருந்து வந்தது. அழுத்தம் வந்தவுடன் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்து அனுப்பும் பின்களம் 0-0க்கு மேல் எதையும் தராது. பந்தை வைத்துக்கொள்ளும் தைரியத்தை 28 வயதில் கற்றுத்தர முடியாது. 19 வயதில் கற்றுத்தரலாம்.

அந்த வயதில் ஆட எங்கே இடம் இருக்கிறது என்பதுதான் என் மனக்குறை. 2017இல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4 என்று தோற்ற பின்களத்தைப் பலர் இகழ்ந்தார்கள். அந்தப் பின்களத்திலிருந்து வந்தவர்தான் அன்வர் அலி. அவரையும் அவருடைய தோழர்களையும் கலைக்காமல் இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் ஐ-லீகில் ஆட வைத்தீர்கள். தோற்றாலும் வாரந்தோறும் ஒன்றாக ஆடினார்கள். 2022இல் அந்த அணியைக் கலைத்தீர்கள். அதன் இடத்தில் வைக்க இன்னொன்றை உருவாக்கவில்லை. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்புகள் பலவும் மையப் பின்களத்தில் ஒரு வெளிநாட்டவரை நிறுத்துகின்றன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வென்றாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. ஆனால் 20 வயது ஸ்டாப்பர் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்தபடியே 23 வயதை அடைந்துவிடுகிறார்.

ஒரே ஒருவரை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2019 செப்டம்பரில் தோஹாவில் ஆசியச் சாம்பியன் கத்தாரை 0-0 என்று நிறுத்தினோம். ஜிங்கனும் ஆதில் கானும் அன்று நடுவில் மலைபோல் நின்றார்கள். அடுத்த மாதமே ஜிங்கனின் முழங்கால் போனது, கொல்கத்தாவில் வங்கதேசத்துடன் 1-1 என்று தப்பிப் பிழைத்தோம். அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை. ஆறு ஆண்டு கழித்து கோவாவிலும் இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். 23 வயதுக்குட்பட்ட பின்கள வீரர்கள் ஆறேழு பேரை இப்போதே தேர்ந்தெடுங்கள். அன்வர் அலியை அவர்களுக்கு நடுவில் வையுங்கள், உடல் இடம் தரும் வரை ஜிங்கனைப் பக்கத்தில் வையுங்கள். ஃபிஃபா நாள்காட்டியில் வரும் ஒவ்வொரு நட்பு ஆட்டத்திலும் இவர்களே ஆடட்டும். ஒரு தவறான பாஸுக்காக எவரையும் அடுத்த பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். ஆரோஸ் போன்ற ஓர் அணியை மீண்டும் கொண்டு வாருங்கள். இயலாவிட்டால், இந்த இளைஞர்களை ஆட வைக்கும் கிளப்புகளுக்கு ஏதேனும் ஊக்கம் கொடுங்கள். முதல் ஆண்டு தோற்போம், இரண்டாம் ஆண்டில் இன்னும் மோசமாகவும் தோற்கக்கூடும். அந்த இரண்டாம் ஆண்டில் ரசிகர்களும் தொலைக்காட்சிகளும் உங்களை ஏசும்போது, இந்தத் திட்டத்தைப் பொதுவெளியில் முன்கூட்டியே அறிவித்திருந்தீர்கள் என்றால், என்னைப் போன்றவர்கள் உங்கள் பக்கம் நிற்போம்.

அடுத்த முகாமுக்கான பட்டியல் வெளியாகும் நாளில் முன்கள வீரர்களின் பெயர்களைக் கடந்து பின்கள வீரர்களின் பெயர்களைத்தான் முதலில் படிப்பேன். அதற்கடுத்த பட்டியலிலும் அதே பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்டாப்பர் ஒருவன்,
சென்னை.