வீட்டுக்கு அனுப்பும் குழந்தையோடு என்ன கொடுத்து அனுப்புகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

“இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்” என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, பிள்ளையை மடியில் கிடத்தி உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் பேரையூருக்கும் பஸ் ஏறுகிறார்கள் பெற்றோர். புற்றுநோயோ, தசைச் சிதைவோ, கடுமையான மூளை முடக்குவாதமோ, நோயைத் தீர்க்க முடியாது என்பது வேறு, செய்ய ஒன்றுமில்லை என்பது வேறு. வலிக்கும் வலிப்புக்கும் மூச்சுத்திணறலுக்கும் வீட்டிலேயே செய்யக்கூடியவை நிறைய உண்டு. அவற்றைச் சொல்லிக்கொடுக்காமல் வெறும் டிஸ்சார்ஜ் சீட்டோடு அனுப்புவதுதான் கொடுமை.

பாரசிட்டமாலுக்கு அடங்காத கடும் வலிக்குக் குழந்தைகளுக்கும் மார்பின் (அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்து) கொடுக்கலாம். எடை பார்த்து டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் கேட்கும். எனவே கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். அழட்டும், பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் வலி ஏறிவிடும், அதே அளவு பிறகு போதாது. முதல் நாளே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். அது சீட்டில் விட்டுப்போனால், நாலைந்து நாளில் வயிறு உப்பி, வீட்டார் பயந்து மார்பினையே நிறுத்திவிடுவார்கள். தொடக்கத்தில் பிள்ளை கூடுதலாகத் தூங்கும். பல இரவு கண் மூடாத பிள்ளை அது. எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மிக மெதுவானால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். போதைக்கு அடிமையாகிவிடுமோ என்ற பயம் வீட்டாருக்கு மட்டுமல்ல, சில டாக்டர்களுக்கும் இருக்கிறது. மருத்துவமனைகள் மார்பின் வாங்கி வைப்பதை எளிதாக்கத்தான் 2014-ல் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது.

மூக்கில் டியூப் உள்ள பிள்ளைக்கு, டியூபில் போட்ட அடையாளம் நகரவில்லையே என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு, தலையையும் முதுகையும் உயர்த்திச் சாய்த்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டுப் பிள்ளையின் நெற்றி உயரத்துக்குப் பிடித்தால் கஞ்சி தானாக இறங்கும். அவசரத்தில் பிஸ்டனால் தள்ளினால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடும். கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டாமல் ஊற்றினாலும், மாத்திரையைச் சரியாகப் பொடிக்காவிட்டாலும் டியூப் அடைக்கும். முடிந்ததும் 5 முதல் 10 மில்லி ஆறவைத்த வெந்நீர் விட்டு, அரை மணி நேரம் அப்படியே சாய்த்து வைக்க வேண்டும்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் ஸ்பூன் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால், டாக்டர் எழுதிக்கொடுத்த மிடாசோலம் ஸ்பிரேயை மூக்கில் அடிக்க வேண்டும். அந்த ஸ்பிரே வீட்டில் இருக்க வேண்டுமே!

வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளையும் மறந்துவிடுகிறோம். இறந்த தம்பியை “தூங்குறான்” என்று சொன்னால், அக்கா தூங்கவே பயப்படுவாள். இறந்துவிட்டான் என்று எளிமையாகச் சொல்வதே நல்லது.

மாவட்ட நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. அனுப்பும் முன் தாயோ தகப்பனோ எங்கள் கண்முன் இரண்டு முறையாவது டியூபில் கஞ்சி ஊற்றிக் காட்டட்டும். மருந்து நேரங்களைத் தமிழில் எழுதிய ஒரு தாள், இரவு 2 மணிக்கும் எடுக்கப்படும் ஒரு போன் எண், தாலுகா மருத்துவமனைகளில் மார்பின் கையிருப்பு ஆகியவை வேண்டும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் செவிலியர்களுக்குக் குழந்தைகளின் மருந்தளவில் தனிப் பயிற்சியும் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்புச் செவிலியர்கள் சிலர்,
மதுரை