பூந்தோட்டத்துக்கு ஒரு சனிக்கிழமை

அன்புள்ள வசு,

உன் கடிதத்துக்குப் பதில் போட இவ்வளவு நாளாகிவிட்டது, திட்டாதே. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடும் பொறுப்பு உன் தலையில்தான் விழுந்திருக்கும், தெரியும். இங்கே எல்லாரும் சௌக்கியம். பனி கரைந்து வாசலெல்லாம் சேறு. மாசசூசெட்ஸின் இந்த மேற்கு மூலையில் ஏப்ரல் என்றாலே சேறுதான்.

சனிக்கிழமை ராத்திரி மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாயே. கான்ட்ரா என்று இங்கே ஒரு நாட்டுப்புற நடனம், அதற்கு நான் காலர், அதாவது அசைவுகளை அழைத்துச் சொல்கிற ஆள். இரண்டு நீள வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள், அதில் நான்கு நான்கு பேராகக் கைகோர்த்துக்கொள்வார்கள். ஃபிடிலும் பியானோவும் 64 எண்ணிக்கை உள்ள ஒரு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதே அசைவுகள்தான், ஆனால் சுற்று முடியும்போது ஒவ்வொரு ஜோடியும் ஓர் இடம் நகர்ந்து புது ஜோடியோடு சேர்ந்துவிடும். அடுத்து என்ன அசைவு என்பதை அது வருவதற்குச் சற்று முன்னால் சொல்ல வேண்டியது நான். பல சுற்று போனதும் கால்களுக்கே பழகிவிடும், அப்புறம் நான் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

மே மாதத்து நடனத்துக்கு 'பூந்தோட்டம்' என்று ஒரு தீம் வேண்டும் என்கிறார்கள் நடத்துகிறவர்கள். போஸ்டர்கூட அடித்தாயிற்று. நேற்று ராத்திரி நடன அட்டைகள் வைத்திருக்கும் என் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் கொட்டி உட்கார்ந்தேன். காலர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு பெட்டி இருக்கும், நடனத்துக்கு ஓர் அட்டை, அதில் நாலு பத்தியாக அசைவுகள். பேரில் பூவோ செடியோ இருப்பதை மட்டும் எடுத்து வைத்தால் முதலில் கிடைத்தது 'தி பேபி ரோஸ்'. கிரீன்ஃபீல்டில் பல வருஷம் அழைத்த டேவிட் கேனர் அமைத்தது. முதல்முறை வருகிறவர்கூட ஆடிவிடலாம், பக்கத்து ஜோடியோடு ஒரு ஸ்விங் (இருவர் பிடித்துக்கொண்டு சுழல்வது), துணையோடு ஒரு ஸ்விங், ஒரு செயின் (இருவர் கைகொடுத்து எதிர்ப்பக்கம் கடப்பது), ஒரு ஸ்டார் (நாலு பேரும் நடுவில் கை சேர்த்துச் சுற்றுவது), அவ்வளவுதான். அடுத்தது 'டெல்ஃபினியம்ஸ் அண்ட் டெய்சீஸ்'. அதில் ஹே வருகிறது, நாலு பேரும் ஒருவரை ஒருவர் தொடாமல் வலமும் இடமுமாகப் பின்னிக்கொண்டு போவது. மூன்றாவது டெட் சானெல்லாவின் 'ஃபிடில்ஹெட்ஸ்'. ஃபிடிலின் தலைப்பகுதி மாதிரி சுருண்டிருக்கும் இளம் பெரணித்தண்டுக்கு அந்தப் பேர், மே மாதம் இங்கே சந்தையில் விற்கும், நன்றாக வேகவைத்து வெண்ணெயில் வதக்கினால் பிரமாதம். ஆனால் நடனம் அவ்வளவு சுலபமாக இறங்காது.

மூன்றுக்கும் பேர்ப் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆடுகிறவனுக்கு அதனால் என்ன? நான் ஒரு தடவை சொல்வேன், சிரிப்பார்கள், மறந்துவிடுவார்கள். கால் நினைவில் வைத்துக்கொள்வது அசைவைத்தான். நீ மழைக்கு என்று ஒரு கச்சேரி போட்டு, சாகித்யத்தை மட்டும் பார்த்துப் பட்டியல் எழுதினால் ஒரே ராகமாக வரிசையாக மூன்று அம்ருதவர்ஷிணி வந்து நிற்காதா? அதே கதைதான். பூப்பேர் உள்ள அட்டைகளாகவே அடுக்கிக்கொண்டு போனால் செயின் மேல் செயினாக வரும், எட்டு மணிக்கே ஜனங்கள் கடிகாரம் பார்ப்பார்கள். பேரை நம்பினால் இன்னும் மோசமும் நடக்கும். 'கோரஸ் ஜிக்' என்று ஒரு பழைய நடனம், பேரில் ஜிக் இருக்கிறதே தவிர மெட்டு ரீல், இரண்டுக்கும் தாள நடையே வேறு. ஜிக் இரவு என்று சொல்லி அதைச் சேர்த்தால் ஃபிடில்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

பழைய நடனங்களை மட்டுமே வைத்து ஒரு ராத்திரி என்பதும் காகிதத்தில்தான் அழகு. அமெரிக்காவும் பிரிட்டனும் மோதிய 1812 யுத்தத்தை வைத்தே ஒரு தீம் போடலாம், தெரியுமா? அந்த ஆகஸ்ட் 19 அன்று கான்ஸ்டிட்யூஷன் என்ற அமெரிக்கக் கப்பலின் தலைவர் ஐசக் ஹல் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலை அடித்து நொறுக்கியதற்கு 'ஹல்ஸ் விக்டரி', அதே யுத்தத்தில் சண்டை நடந்த நியூயார்க் ஊரின் பேரில் 'சாக்கெட்ஸ் ஹார்பர்'. அந்தக் கப்பலே இன்னும் பாஸ்டன் துறைமுகத்தில் நிற்கிறது. ஆனால் அந்தக் காலத்து நடனங்களில் பாதிப் பேருக்குத்தான் வேலை, மற்றவர்கள் தம் முறை வரும்வரை நின்றுகொண்டிருக்க வேண்டும். ஒரு மாலைக்கு அப்படி ஒன்று போதும் என்பது என் கட்சி, பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

அதனால் பூவை மூன்று நடனத்தோடு நிறுத்திவிட்டு, அடியில் இன்னொரு தீம் ஓட்டப்போகிறேன், கை மாற்றிப் பழகுவது, அதைப் போஸ்டரில் போட மாட்டேன். 'ஃபிடில்ஹெட்ஸ்' ஆட 'கான்ட்ரா கார்னர்ஸ்' என்ற அசைவு தெரிய வேண்டும். துணைக்கு வலது கை கொடுத்துச் சுற்றி, எதிர் வரிசையில் வலப்பக்க மூலையில் நிற்பவருக்கு இடது கை, மறுபடி துணைக்கு வலது, அப்புறம் இடப்பக்க மூலைக்கு இடது, எல்லாம் 16 எண்ணிக்கைக்குள். புதியவர்கள் மிரளுவது கையைப் பார்த்து அல்ல, 'என் மூலை யார்?' என்ற குழப்பத்தில். அதனால் இசை தொடங்குமுன் எல்லாரையும் தம் மூலைக்காரர்களை விரலால் காட்டி ஒரு ஹலோ சொல்ல வைப்பேன். அதற்கும் முன்னால், முதல் பாதியிலேயே ஒருவருக்கு வலது, இன்னொருவருக்கு இடது என்று கை மாறி மாறி வரும் சின்ன நடனங்கள் இரண்டைச் செருகிவிட்டால் இடைவேளைக்குள் கைக்குப் பாடம் ஏறியிருக்கும். யாருக்கும் வகுப்பு எடுத்த மாதிரியே தெரியாது. 'பேபி ரோஸ்' முதலில், 'ஃபிடில்ஹெட்ஸ்' இடைவேளைக்கு அப்புறம் இரண்டாவதாக, அப்போதுதான் களைப்பு தீர்ந்து மூளையும் வேலை செய்யும். டெய்சிப் பூ எங்கே என்பதுதான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஹே வருகிற நடனம் ஏற்கெனவே ஒன்று முதல் பாதியில் இருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க மனம் வரவில்லை.

இப்போது ஆண், பெண் என்று அழைப்பதும் பல இடங்களில் போய்விட்டது. ஜோடியில் இடப்பக்கம் நிற்பவர் லார்க், வலப்பக்கம் ராபின், இரண்டும் பறவைப் பேர், யார் வேண்டுமானாலும் எதுவும் ஆடலாம். எனக்கு இது ரொம்ப வசதி, கூப்பிடவும் சின்னச் சொல்.

இடைவேளைக்கு முன்னால் ஒரு வால்ட்ஸும் (ஜோடியாக ஆடும் மூன்று தட்டு நடனம்) முடிவில் ஒரு வால்ட்ஸும் வழக்கம். அதை வாத்தியக்காரர்களிடம் விட்டுவிட்டேன், பூவோ புல்லோ அவர்கள் பாடு.

நீ டிசம்பருக்கு என்ன தீம் யோசிக்கிறாய்? போன வருஷம் மாதிரி கடைசி வாரத்தில் பட்டியலை மாற்றி மிருதங்கக்காரரை அலைய வைக்காதே. அத்தையை விசாரித்ததாகச் சொல். மற்றவை உன் பதில் கண்டு.

அன்புடன்,
பானு