உங்கள் படிவத்தில் எங்களுக்கும் ஒரு கட்டம் வேண்டும்

ஜப்பானில் இசை நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு விற்போருக்கும், அந்த வேலையை அவர்களிடம் ஒப்படைக்கும் கலைஞர்களின் மேலாளர்களுக்கும் வணக்கம்.

கிட்டார் வாசிக்கும் மாட்சுமோட்டோ, பாடும் இனாபா என்ற உங்கள் ஊர் ராக் இசை ஜோடியான பீ'ஸ் இரட்டையரை ஒருமுறையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்று மூன்று வருடமாகப் பணம் சேர்த்து வந்தவள் நான். சென்னையில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் விடுப்புக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருக்கு நுழைவுச்சீட்டு என்று முடிவு செய்யும் உங்கள் குலுக்கலுக்குப் பதிய உட்கார்ந்தேன். பெயரைக் கத்தகானா எழுத்தில் கேட்டது உங்கள் படிவம். அவர்கள் பாட்டை வாசிக்கவென்றே கற்றுக்கொண்ட எழுத்து அது, நிதானமாக நிரப்பினேன். அடுத்தது கைபேசி எண். உங்கள் ஊரில் 11 இலக்கம், எங்களுக்கு 10. முன்னால் ஒரு சுழியம் சேர்த்துப் பார்த்தேன். நாட்டுக் குறியீட்டோடு போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சிவப்பு எழுத்தில் மறுப்பு. மதியம் வரை அந்த ஒரே கட்டத்தோடு போராடினேன். குலுக்கலில் பெயர் விழாமல் போயிருந்தால் விதி என்று விட்டிருப்பேன். என் பெயர் குலுக்கலுக்குள்ளேயே போகவில்லை.

அங்கே வந்திறங்கி ஒரு சிம் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். பயணிகளுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இணையம் மட்டும் தருபவை. ஆளைச் சரிபார்க்க நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி வந்து சேர அதில் எண்ணே இருக்காது. நான் வந்திறங்கும் நேரத்தில் குலுக்கலும் முடிந்து வெகுநாள் ஆகியிருக்கும்.

பிளாக்கில் விற்பவர்களைத் தடுக்கத்தான் இந்தக் கெடுபிடி என்பது தெரியும். 2019 ஜூனில் அதற்கெனச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம், நானும் பிளாக்கில் வாங்க மாட்டேன். ஆனால் என் கையில் கடவுச்சீட்டு இருக்கிறது. விமான நிலையத்தில் உங்கள் அரசாங்கமே நம்பும் அந்த அடையாளத்தை நீங்கள் ஏன் நம்பக் கூடாது? வெளிநாட்டுக் கைபேசி எண்ணையும் கடவுச்சீட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

அந்த இருவரும் உலகத்தைத் தேடிப் போகாதவர்கள் அல்ல. 1988இல் அறிமுகமாகி, சொந்த நாட்டில் 8 கோடிக்கும் மேல் இசைத்தட்டு விற்றவர்கள், 2002இல் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சிறிய அரங்குகளில் வாசித்தார்கள். 2007இல், ராக் இசைக் கலைஞர்களைப் போற்றும் ஹாலிவுட் ராக்வாக்கில் கைத்தடம் பதித்த முதல் ஆசியக் கலைஞர்கள் அவர்கள்தான். மாட்சுமோட்டோ 2011இல் அமெரிக்க கிட்டார் கலைஞர் லேரி கார்ல்டனோடு சேர்ந்து கிராமி வாங்கினார். 2012இல் இனாபா தன் பாடல்களை ஆங்கிலத்தில் பாடி வெளியிட்டார். ஐம்பதை நெருங்கும் வயதில், இன்னொரு மொழியில் முதலிலிருந்து தொடங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அந்த வருடம்தான் என் தம்பி விளையாடிய டிராகன்ஸ் டாக்மா என்ற வீடியோ விளையாட்டின் தொடக்கத்தில் அவர்கள் பாட்டை முதன்முதலாகக் கேட்டேன். அடுத்த வருடம் வந்த விரிவுப் பதிப்பில் அந்தப் பாட்டைக் காணோம். மொத்தப் பாடல்களும் இணைய இசைச் சேவைகளில் ஏறியது 2021 மே 21 அன்று. இடையில் ஒன்பது வருடம்! காசு கொடுத்துத் தருவித்த கச்சேரி டிவிடி எங்கள் வீட்டுக் கருவியில் ஓடவில்லை. டிவிடிகளை நாடுவாரியாக மண்டலம் பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள்: ஜப்பானுக்கு மண்டலம் 2, இந்தியாவுக்கு மண்டலம் 5. காணொளியைத் தட்டினால் 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்று வரும். ஜப்பானிய இசை உலகத்தை எட்டவில்லை என்று உங்கள் ஊரில் வருத்தப்படுகிறார்கள். எட்டிய இடத்தில் இருப்பவர்களை நீங்களே வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் ஐயா!

கோபத்தில் டிவிடி வரைக்கும் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதையெல்லாம் இன்று தீர்க்கச் சொல்லவில்லை. சலுகை விலையோ முன்வரிசையோ கேட்கவில்லை. உங்கள் ஊர் ரசிகர்களோடு ஒருத்தியாகக் குலுக்கலில் நின்று, தோற்றால் தோற்றுப் போகிறேன்.

மாட்சுமோட்டோவுக்கும் இனாபாவுக்கும் அறுபது தாண்டிவிட்டது. நான் எத்தனை வருடம் காத்திருக்க முடியும் என்பதைவிட, அவர்கள் எத்தனை வருடம் மேடை ஏறுவார்கள் என்பதுதான் என் கவலை. ஆகவே தயவுசெய்து, அடுத்த சுற்றுப்பயணத்துக்குப் பதிவு தொடங்கும் முன், அந்தக் கைபேசிக் கட்டத்தில் வெளிநாட்டு எண்ணுக்கு இடம் விடுங்கள்.

பணிவுடன்,
சென்னையிலிருந்து ஒரு ரசிகை