சாப்பிடாத நாளுக்கும் சாப்பாட்டுக் காசு அறவிடுவது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் விடுதியோடு இயங்கும் சில கல்வி நிறுவனங்களில் மாதச் சாப்பாட்டுக் காசை முற்பணமாகக் கட்டினால் திகதியிட்ட ரோக்கன் (சாப்பாட்டுச் சீட்டு) தருகிறார்கள். அது அந்த ஒரு கன்ரீனில், அந்த ஒரு நாள் மட்டும்தான் செல்லும். செய்முறை வகுப்பு ஒன்றரை மணிவரை இழுபட்டாலும், சனி ஞாயிறில் முல்லைத்தீவுக்கோ மன்னாருக்கோ வீடு போனாலும் காசு போனது போனதுதான். பிள்ளைகள் முறையிட்டால் கடைச் சாப்பாட்டு ஆசை என்று தட்டிக்கழிக்கிறார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் நியாயம் பிள்ளைகள் பக்கம் இருப்பது தெரியும்.

சமையற்காரர் சம்பளம், 37.5 கிலோ காஸ் சிலிண்டர், கரண்ட், தண்ணீர் இவையெல்லாம் 140 பேர் சாப்பிட்டாலும் 200 பேர் சாப்பிட்டாலும் பெரிதாக மாறாது. அரிசி, மரக்கறி, மீன், தேங்காய் ஆளுக்கேற்பக் கூடிக் குறையும். இரண்டையும் ஒரே விலைக்குள் போட்டுக் கட்டியதில்தான் பிழை தொடங்குகிறது.

உதாரணத்துக்கு 200 பிள்ளைகள், ஒரு மதியச் சாப்பாடு 250 ரூபா, அதில் பொருட்செலவு 160 ரூபா என்று வைப்போம். தலைக்கு 150 கிராம் அரிசிப்படி 30 கிலோ போட வேண்டும். 60 பேர் வரமாட்டார்கள் என்பது கன்ரீனை நடத்தும் குத்தகைக்காரருக்குப் பழக்கத்தில் தெரியும். 21 கிலோதான் போடுவார். 60 பேரின் பொருட்செலவு மிச்சம், ஒரு நாளைக்கு 9,600 ரூபா. வராதவர் கூடக் கூட அவருக்கு லாபம். அப்படியிருக்க, சாப்பாட்டைத் திருத்த அவர் ஏன் மினக்கெட வேண்டும்? பரீட்சைக் காலத்தில் எல்லோரும் வந்துவிட்டால் பின்னால் நிற்பவருக்கு மீன் குழம்பில் மீன் இல்லை, பருப்பும் தண்ணீர். அவரும் அதே 250 ரூபா கட்டியவர்தான்.

மச்சம் (மீன், இறைச்சி) தின்னாத நாட்களில் இது இன்னும் உறைக்கும். நல்லூர்த் திருவிழா 25 நாளும், கந்தசஷ்டி ஆறு நாளும், வெள்ளிக்கிழமைகளிலும் சைவமாக இருப்பவர் மீனுக்கும் சேர்த்துக் கட்டுகிறார். பல இடங்களில் மீன் குழம்புக்குள் போட்ட அகப்பையாலேயே பருப்பையும் அள்ளி வைப்பதால் அவர் வெறும் சோற்றோடு எழும்புவதும் உண்டு. நோன்பு மாதத்தில் முஸ்லிம் மாணவரின் மதிய ரோக்கன் முழுவதும் வீண். அவருக்குத் தேவையான, விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டுக்கு அந்த ரோக்கன் செல்லாது.

2025 வரவு செலவுத் திட்டத்தில் பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல மாத உதவித்தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கப்பட்டபோதும் 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 250 ரூபாதான் வந்தது. அதை நம்பிப் படிக்கும் பிள்ளையால் ஒரே நேரச் சாப்பாட்டுக்கு இரண்டு இடத்தில் காசு கொடுக்க இயலாது. திருநெல்வேலி அம்மாச்சி உணவகத்தில் குறைந்த விலையில் சாப்பிடலாம். ஆனால் கையில் இருப்பது காசில்லையே, ரோக்கன்.

திருத்துவது கடினமில்லை. கட்டணத்தை இரண்டாக்குங்கள். சமையலறைக் கட்டணம் எல்லோருக்கும் பொது, திருப்பித் தரத் தேவையில்லை. பொருட்செலவை மட்டும் சாப்பிட்ட நேரத்துக்கு அறவிடுங்கள். நாளைக்குச் சாப்பாடு வேண்டாம் என்பவர் முதல்நாள் இரவு எட்டு மணிக்குள் பதிய வேண்டும். மரக்கறியும் மீனும் விடியத்தான் சந்தையில் வாங்குவதால் அந்த நேரம் போதும். வாட்ஸ்அப்பில் மட்டும் பதிந்தால் "வரவில்லை" என்ற சண்டை வரும். அடிக்கட்டையுள்ள ஒரு கொப்பியும் கட்டாயம் இருக்கட்டும். சைவம், மச்சம், நோன்புச் சாப்பாடு மூன்றையும் அதிலேயே குறிக்கலாம். அகப்பையும் சட்டியும் சைவத்துக்கு வேறாக இருக்க வேண்டும்.

குத்தகைக்காரருக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதை மறுக்க முடியாது. பதிவு எவ்வளவு குறைந்தாலும் 200 பேரில் 140 பேருக்கான காசு உறுதி என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். அதற்கு மேல் பதிவுக் கொப்பியின்படி மட்டும். காசு கையில் கிடைத்தால் பிள்ளை டேட்டாவுக்குச் செலவழித்துவிடும் என்று பெற்றோர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. மிச்சத்தை அடுத்த மாதப் பில்லில் கழித்து, அரையாண்டு முடிவில் மீதியை வங்கிக் கணக்கில் போடலாம். இந்த ஏற்பாட்டையே விட்டு விலக விரும்புபவர் ஒரு மாதம் முன்னறிவித்து, சமையலறைக் கட்டணத்தை மட்டும் கட்டிக்கொண்டு வெளியே சாப்பிட இடம் கொடுங்கள்.

கன்ரீன் குத்தகைக்குக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) அழைத்தபின் இவற்றைச் சேர்ப்பது கடினம். அடுத்த ஒப்பந்தம் எழுதப்படுமுன் மாணவர் பிரதிநிதிகள் இருவரை அந்தக் குழுவில் இருத்தி, பொருட்செலவு விபரத்தை அவர்களுக்கும் காட்டும்படி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முன்னாள் விடுதி மேற்பார்வையாளர் ஒருவர்,
கொக்குவில்.